பட்டா இல்லாத பாதைகள்

வான்கூவர் நகரத்திலிருந்து கடற்கழியைத் தாண்டி வடக்கே போனால் சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளூர்க்காரர்கள் மொத்தத்தையும் நார்த் ஷோர் என்பார்கள். வார இறுதிகளில் நடுமலையான ஃப்ரோமின் சரிவில் வாளியும் மண்வெட்டியுமாக ஏறுகிறவர்கள் அங்கே முதலில் தேடுவது மண்ணை. காடு முழுக்க மண்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே காலடியில் கிடப்பது ஊசியிலையும் பாசியும் உளுத்த மரமும் வேரும் பின்னிய ஒரு மெத்தை. மிதித்தால் அழுந்தும், மழையில் கூழாகும், சக்கரம் ஏறினால் கரைந்து ஓடும். அதை விலக்கித் தோண்டிக்கொண்டே போனால் அடியில் மஞ்சளும் செம்பழுப்புமாகக் கனிம மண் தட்டுப்படும். பிடித்தால் உருண்டையாக நிற்கும், தட்டினால் இறுகும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தங்கம். அதை வாளி வாளியாகச் சுமந்து தடத்தில் கொட்டித் திமிசு போடுகிறார்கள். எடுத்த குழியையும் அப்படியே விட்டுப் போவதில்லை. விலக்கிய மக்கையும் உளுத்த கட்டைகளையும் போட்டு நிரப்பி, மேலே பெரணிச் செடிகளைப் பெயர்த்து நட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

இந்த வேலைக்குக் கூலி கிடையாது. தோண்டுகிறவர்கள் மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். தச்சராகவோ செவிலியராகவோ கணினிப் பொறியாளராகவோ பள்ளி மாணவராகவோ இருக்கலாம். தடித்த சக்கரம் பூட்டிய மவுண்டன் பைக்கில் காட்டுக்குள் இறங்க, கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஒற்றையடித் தடம் போதும். அதை யாரும் போட்டுத் தரவில்லை. இவர்களே வெட்டினார்கள், இவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். விளையாட இடம் வேண்டியிருந்தது, உண்டாக்கிக்கொண்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். எனக்கு விளையாட்டில் அவ்வளவு அக்கறை இல்லை. தன் பேரில் இல்லாத, எந்தக் காலத்திலும் தன் பேருக்கு வரப்போகாத ஒரு துண்டுச் சரிவை ஒரு மனிதர் வருஷக்கணக்காக மராமத்து பார்க்கிறார். அந்த நிலத்துக்கு அவர் யார்? உரிமையாளர் என்றும் குத்தகைதாரர் என்றும் வேலையாள் என்றும் அத்துமீறியவர் என்றும் பிரிக்கத் தெரிந்த வருவாய்த்துறை மூளைக்கு இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது.

சைக்கிள் சக்கரம் காட்டைக் கிழிக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. மொன்டானாவில் நடந்த ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. ஈரமான மலைத்தடங்களில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சக்கரங்களைவிடக் காலும் குளம்பும்தான் கூடுதலாக மண்ணைப் பெயர்த்தன. சைக்கிள்காரர்கள் இதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் தடம் வெட்டிப் பழகியவரிடம் கேட்டால், இதெல்லாம் சில்லறைக் குற்றம் என்பார். பெரிய குற்றவாளி தண்ணீர். நார்த் ஷோர் சரிவுகளில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டிவிடும். சென்னையின் ஆண்டு மழை 1,400ஐ ஒட்டித்தான். இவ்வளவு நீரும் கடலுக்குக் குறுக்குவழி தேடுகிறது. சரிவில் நேராக ஒரு தடம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளும். ஒரே குளிர்காலத்தில் தடம் ஓடையாகிவிடும். மண் போய் வேரும் கல்லும் மிஞ்சும். ஓட்டுகிறவர் அதைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்குவார், அடுத்தவர் இன்னும் ஓரமாக. ஒற்றையடித் தடம் மாட்டுவண்டிப் பாதையாகும்.

ஆரம்பகாலத் தடங்கள் அப்படித்தான் நேர்கீழாக இறங்கின. செங்குத்தில் வேகம் இருந்தது, வெட்டியவர்களுக்கு வேண்டியதும் வேகம். பட்டுத்தான் கற்றார்கள். இன்று புதுத் தடத்துக்குக் கொடி நடும்போது சரிவுமானியைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்கள். தடத்தின் சரிவு, அது கடக்கும் மலைப்பக்கத்தின் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மொத்தத்தில் சராசரியாக நூற்றுக்குப் பத்துக்குள் நிற்க வேண்டும். தடத்தின் முதுகு வெளிப்பக்கமாக நூற்றுக்கு ஐந்து போலச் சாய வேண்டும். நீர் வேகம் பிடிப்பதற்கு முன்பே ஒரு சிறு பள்ளமும் மேடும் வந்து அதை வெளியே தள்ளிவிட வேண்டும். சர்வதேச மலைச்சைக்கிள் சங்கமான இம்பா 2004இல் கொண்டுவந்த கையேடு இந்த அளவுகளை உலகமெங்கும் கொண்டுபோனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அறிவு ஒன்றுதான்: தண்ணீரை மறிக்கப் பார்க்காதே, குறுக்கே கடந்து போகச் சொல்.

ஆகவே இவர்களுடைய முக்கியமான வேலைநாள் மழைநாள். வெயிலில் எல்லாத் தடமும் நல்ல தடமாகத்தான் தெரியும். கொட்டுகிற மழையில் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனால்தான் நீர் எங்கே தயங்குகிறது, எங்கே சேர்ந்து பலம் பிடிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும். டயர்கள் ஒதுக்கிய மண், வெளிவிளிம்பில் வரப்பாக நின்று நீரைத் தேக்கியிருக்கும். ஓரிடத்தில் அதைக் கொத்தி மடை திறந்துவிட்டால் குட்டை சத்தத்தோடு வடியும். ஐந்து நிமிட வேலை. நாலு கொத்து தள்ளி இன்னொரு குட்டை. புதுத் தடம் திறக்கிற அன்று கூட்டம் கூடும், படம் எடுப்பார்கள், தடத்துக்கு ஒரு கிறுக்குப் பெயரும் கிடைக்கும். மடை திறந்தவரை யாரும் பார்ப்பதில்லை. அவருடைய வேலை சரியாக நடந்தது என்பதற்கு அங்கே எதுவும் நடக்காமல் இருப்பதே சாட்சி.

நார்த் ஷோரின் புகழ் இந்த மண்வேலையால் வந்ததல்ல, மரவேலையால் வந்தது. ஃப்ரோம் மலைக்குப் பெயர் கொடுத்த யூலியஸ் ஃப்ரோம் மரவியாபாரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லின் பள்ளத்தாக்கின் ராட்சத செடார்களும் டக்ளஸ் ஃபிர்களும் அறுபட்டன. இன்றைய காட்டுக்குள் அந்தப் பழைய காட்டின் அடிக்கட்டைகள் நிற்கின்றன. இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாதவை. அறுத்தவர்கள் பலகை செருகி ஏறி நிற்பதற்காக வெட்டிய குழிவுகள்கூட அழியவில்லை. செடாரின் வைரம் லேசில் உளுக்காது. அவர்கள் விட்டுப்போன துண்டுகள் பல பத்தாண்டு மழைக்குப் பிறகும் உள்ளே கெட்டியாகக் கிடந்தன. ஆப்பு வைத்து அடித்தால் நார் பிடித்துப் பலகையாகப் பிளந்தது. 1980களிலும் 90களிலும் டாட் ஃபியாண்டரைப் போன்றவர்கள் (டிக்கர் என்றால்தான் ஊருக்குத் தெரியும்) அந்தப் பலகைகளை ஏணிபோல அடுக்கிச் சதுப்பைத் தாண்டப் பாலம் போட்டார்கள். சேறு படாமல் போக வந்த பாலம் சீக்கிரமே விளையாட்டாகிவிட்டது. குறுகியது, உயர்ந்தது, வளைந்தது, பாதியில் நின்று அடுத்த மேடைக்குத் தாவச் சொன்னது. டான் கோவன் என்பவர் ஃபிளையிங் சர்க்கஸ் என்று ஒரு தடத்தை அமைத்தார்; பெயரே எச்சரிக்கை. ஃபியாண்டர் எடுத்த வீடியோக்கள் கடல் கடந்து போயின. மலையே இல்லாத ஊர்களில்கூட மரப்பாலம் கட்டி அதற்கு நார்த் ஷோர் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் செடாரும் மரம்தானே. ஆணி துருப்பிடித்தது, பாசி படர்ந்தது, வழுக்காமலிருக்க மேலே அடித்த கோழிவலை கிழிந்து கம்பி நீட்டியது. விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று நிலத்துக்குப் பொறுப்பாக இருந்த அலுவலகங்கள் கேட்டன. பாலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, அந்த இடங்களில் கல் பாவி மண் கொட்டினார்கள். பழைய ஓட்டுநர்களுக்கு இன்றுவரை ஆறவில்லை. மலைக்கு மொட்டையடித்துவிட்டார்கள், குழந்தைகள் ஓட்டுகிற தடமாக்கிவிட்டார்கள் என்கிறார்கள். அவர்களுடைய துக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தப் பாலங்களில் ஒரு கலைஞனின் அகங்காரம் இருந்தது, இது என் கை என்று சொல்லும் திமிர் இருந்தது. கல்லையும் மண்ணையும் போட்டு நிரவிய தடத்தில் கையெழுத்தே கிடையாது. தச்சன் போன இடத்துக்கு உழவன் வந்திருக்கிறான். என்னைக் கேட்டால், சங்கத்தின் உண்மையான வயது அந்த மாற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சங்கம் என்பது நார்த் ஷோர் மலைச்சைக்கிள் சங்கம், 1997இல் தொடங்கியது. அதற்கு முன் வெட்டியதெல்லாம் அனுமதி கேட்காமல் வெட்டியது. இந்த விளையாட்டின் பிறவிக்குணமே அப்படித்தான். கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸுக்கு அருகே ஒரு செங்குத்து மண்சாலையில் 1976 அக்டோபரில் பழைய பலூன்டயர் சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். கீழே போய்ச் சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் கொதித்துப் புகையும், ஒவ்வொரு முறையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தச் சாலை ரீபேக் ஆனது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தப் புகையிலிருந்து வந்தவர்கள். விளையாட்டு பெருகப் பெருக, நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் முறையிட்டார்கள். தடங்கள் மூடப்பட்டன, தமால்பைஸ் மலையில் சைக்கிளின் வேகத்தை ராடார் துப்பாக்கி வைத்து அளந்தார்கள். கலிஃபோர்னியாவின் சில சங்கங்கள் சேர்ந்து 1988இல் இம்பாவை உருவாக்கியது இந்த நெருக்கடியில்தான். எங்களை விரட்டாதீர்கள், கையில் மண்வெட்டியோடு வருகிறோம் என்பதே அதன் வாதம். தொண்டு என்று இன்று நாம் அழைப்பதற்குள் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மண்ணில் உழைத்தால் மண்மேல் உரிமை வரும் என்ற வாதம் பழையது. ஜான் லாக் அதை 1689இல் தத்துவமாகவே எழுதினார்: பொதுவில் கிடக்கும் நிலத்தோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது. கேட்க நியாயமாக இருக்கும். இந்த நியாயம் நார்த் ஷோர் இருக்கும் மாகாணத்தில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1860இல் வந்த பிரகடனப்படி, குடியேறியவர் 160 ஏக்கரை வளைத்து, குடியிருந்து, 'மேம்படுத்தி'னால் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். ஆளுநரின் எழுத்துபூர்வமான அனுமதியில்லாமல் பூர்வகுடிகள் அப்படி நிலம் எடுக்கக் கூடாது என்று 1866இல் இன்னொரு சட்டம் வந்தது. செடார் பட்டையில் துணியும் கயிறும், செடார் உடலில் படகும் வீடும் செய்து அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உழைப்பு உழைப்பாகக் கணக்கில் வரவில்லை. மேம்படுத்துவது என்றால் மரத்தை வெட்டி வேலி போடுவது. மூன்று மலைகளும் ஸ்குவாமிஷ், ட்ஸ்லேய்ல் வாட்டுத், மஸ்குவியம் மக்களின் நிலம்; எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் அதை எழுதிக் கொடுத்ததில்லை.

இந்தப் பின்னணியில் வாளி சுமக்கிறவரைப் பார்க்கும்போதுதான் அவர் செய்வதன் விசித்திரம் பிடிபடுகிறது. லாக் சொன்னதை அப்படியே செய்கிறார், உழைப்பை மண்ணோடு கலக்கிறார். ஆனால் கணக்கின் கடைசி வரி மட்டும் வரவில்லை. அவருக்குக் கிடைப்பது இன்னும் கொஞ்சம் வேலை. தடத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம், நாயோடு நடக்கலாம், அவரைத் திட்டிக்கொண்டே இறங்கலாம். உழைப்பு உரிமையாகத் திரளாமல் பொறுப்பாக மட்டும் திரண்டு நிற்பது நவீன உலகத்தில் அபூர்வமான காட்சி. சங்கத்தில் தடத்தைத் தத்தெடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் பணம் தரும், ஒருவர் பொறுப்பேற்றுத் தன் குழுவோடு தடத்தைப் பார்த்துக்கொள்வார். தத்து என்றால் வாரிசுரிமையும் சேர்ந்து வரும் என்று நினைக்கிற நமக்கு, இந்தத் தத்து வெறும் கையோடு வருகிறது.

நம்மூரில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது குடிமராமத்து. ஏரிக்கரையை உயர்த்துவது, வாய்க்காலைத் தூர்வாருவது என்று ஊரே இறங்கிச் செய்தது என்று பெருமையாக எழுதுகிறோம். மதராஸ் மாகாணத்துக்கு 1858இல் அது கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஊரில் யார் கரைமேல் நின்று கைநீட்டினார், யார் சேற்றில் இறங்கிக் கூடை சுமந்தார் என்பதைச் சொல்லவே மாட்டோம். மண்வெட்டி நம்மிடையே பிறப்போடு வந்த கருவி. அதைக் கீழே வைப்பதற்காகத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு சனிக்கிழமை மண் சுமக்கப் போகிறவனின் சந்தோஷம் ஒரு வகையில் வசதியின் சந்தோஷம். வேண்டாம் என்றால் அடுத்த வாரம் வராமல் இருக்கலாம். அந்த 'வேண்டாம்' அவன் கையில் இருப்பதுதான் அவன் உழைப்பைத் தொண்டு ஆக்குகிறது. கூடை சுமந்தவனுக்கு அது இருக்கவில்லை.

நார்த் ஷோரோடு ஒப்பிட்டால் யூகான் பிரதேசத்தின் கார்க்ராஸில் நிலைமை தலைகீழ்: நிலம் வெட்டுகிறவர்களுடையது. கார்க்ராஸ்/டாகிஷ் பூர்வகுடி மக்களின் நில உரிமை ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு, அவர்களுடைய இளைஞர்கள் ஊருக்கு மேலே நிற்கும் மொன்டானா மலையில் தடம் வெட்டத் தொடங்கினார்கள். வெள்ளிச் சுரங்கக் காலத்துப் பழைய பாதைகள் புதரில் மறைந்து கிடந்தன. அவற்றைத் திறந்து, சைக்கிள் தடங்களாக்கி, உலகம் தேடி வருகிற இடமாக்கினார்கள். கோடைவேலையாகக் கூலிக்குச் செய்ததால் இது தொண்டுக் கணக்கில் வராது. ஆனால் தங்கள் பெயருக்குத் திரும்பி வந்த மலையில் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மற்றவர்கள் வந்து போகத் தடம் வெட்டியது. வேலி கட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாது.

உரிமை இன்னொருவர் கையில் இருக்கும் இடங்களில் இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு சைப்ரஸ் மலையே உதாரணம். அதன் கீழ்ச்சரிவுகளை 1930களின் தொடக்கத்தில் கின்னஸ் குடும்பத்தின் முதலீட்டில் ஒரு நிறுவனம் வாங்கியது. மனைக்கு ஆள் வர வேண்டும் என்று லயன்ஸ் கேட் தொங்குபாலத்தையே 1938இல் கட்டியவர்கள் அவர்கள். அந்த நிலத்தில் சைக்கிள்காரர்கள் பல வருஷங்களாக வெட்டிவந்த தடங்கள், வீடுகள் மேலே ஏற ஏறக் கான்கிரீட்டுக்கு அடியில் போகின்றன. நஷ்டஈடு கேட்க யாருக்கும் வாயில்லை. வெர்மான்ட்டின் ஈஸ்ட் பர்க்கில் 1994இலிருந்து கிங்டம் டிரெயில்ஸ் அமைப்பு நூறு பேருக்கு நெருக்கமான தனியார் நிலங்களைக் கைகுலுக்கலிலும் நல்லெண்ணத்திலும் இணைத்து நூறு மைலுக்கு மேல் தடவலை ஒன்றை நடத்துகிறது. 2019 டிசம்பரில் மூன்று நிலக்காரர்கள் இனி எங்கள் நிலத்தில் சைக்கிள் வேண்டாம் என்றார்கள். வலையின் முக்கியமான பகுதிகள் அன்றோடு மூடப்பட்டன. ஊரின் அளவுக்கு மீறி ஆள் வந்ததுதான் பிணக்கின் வேர். நன்றாகப் பராமரித்த தடம் கூட்டத்தைக் கொண்டுவரும், கூட்டம் நிலக்காரரின் பொறுமையைக் கொண்டுபோகும். பராமரித்தவர்களின் உழைப்பே அவர்களுக்கு எதிராகத் திரும்பும் இந்தக் கணக்குக்கு விடை கண்டவர் யாருமில்லை.

உரிமை இல்லை என்றேனே, உரிமையுணர்வு இல்லை என்று சொல்லவில்லை. அது நிறையவே உண்டு. கஷ்டமான பாறையைத் தவிர்த்துப் பக்கத்தில் புதுச்சுவடு போட்டுப் போகிறவர்கள்மேல் தடம் பார்க்கிறவருக்கு வரும் கோபம், வயலில் மாடு மேய்ந்ததைப் பார்த்த கோபத்துக்குக் குறையாது. கட்டையைக் குறுக்கே போட்டு அந்தச் சுவட்டை அடைப்பார், மறுவாரம் கட்டை ஓரமாகக் கிடக்கும். தடத்தின் வாயை வெளியே தெரியாமல் இலை போட்டு மூடி வைப்பது முன்பு வழக்கம். இப்போது அது பலிப்பதில்லை. ஓட்டுகிறவரின் பையிலிருக்கும் கைபேசி போன வழியெல்லாம் குறித்துக்கொள்கிறது. ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் ரகசியத் தடம் சிவப்புக் கோடாக மின்னுகிறது. பத்துப் பேர் தாங்குவதற்கு வெட்டியது ஆயிரம் பேரைத் தாங்க வேண்டியிருக்கிறது. கொரோனா ஆண்டான 2020இல், வேறு போக்கிடம் இல்லாமல் நகரங்களே காட்டுக்குள் வந்தபோது இது எல்லா மலைகளிலும் நடந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நார்த் ஷோரில் புதுத் தடங்கள் சொல்லாமல் கொள்ளாமல் முளைக்கின்றன. அனுமதியில்லாமல் வெட்டுவதைச் சங்கம் ஆதரிப்பதில்லை. நில அலுவலகங்களோடு அது கையெழுத்திட்ட உடன்பாடுகள் அதற்கு இடம் தராது. அது இன்று கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் தடங்களில் பல, ஒரு காலத்தில் அப்படியே வெட்டப்பட்டவை என்பது சங்கத்துக்கு மறக்கவில்லை. ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கடப்பாரையோடு ஏறும் இளைஞன், அவனுக்கு முந்தியவர்களைப் போலவே, சரிவில் நேர்கீழாகத்தான் வெட்டுகிறான். இரண்டு மழைக்காலம் தாங்காது. அவனைத் துரத்துவதைவிட உள்ளே இழுத்துக் கையில் ஒரு வாளியைக் கொடுப்பது லாபம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். வாளி தூக்கும் பொறுமை இருந்திருந்தால் அவன் அந்த நேரத்தில் மலையேறியிருக்க மாட்டான் என்பதும் தெரியும்.